எந்தக் கல்லால் நிறுத்தது?
தஞ்சைக் கல்வெட்டு முதல் நெல்லின் வேதியியல் வரை

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருபவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். அதன் அடிப்பகுதியையும் சுற்றுமாளிகையையும் நின்று பார்ப்பவர்கள் குறைவு. அங்கே வரிவரியாக எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதலாம் இராசராசன் காலத்தில் (ஆட்சி 985-1014) இக்கோயிலுக்கு யார் யார் எதை எதைக் கொடுத்தார்கள் என்னும் கணக்கு அவற்றில் பெரும்பகுதி. வரலாற்று ஆசிரியர்கள் அவற்றில் அரசியலையும் சமுதாய வாழ்வையும் தேடுகிறார்கள். அறிவியல் மாணவர் ஒருவர் வேறொரு நோக்கத்துடனும் அவற்றைப் படிக்கலாம். ஓர் அளவை எழுதும்போது அதனுடன் வேறு எவற்றை எல்லாம் எழுதவேண்டும்? இந்தக் கேள்விக்கு அக்கல்வெட்டுகள் நல்ல விடை தருகின்றன.

கேள்வி எளியதாகத் தோன்றலாம். ஆனால் இன்றைய உயிர் வேதியியலில் ஒரு புதிய பிரிவு, கடந்த இருபது ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லாடி வருகிறது. 'மெட்டபாலோமிக்ஸ்' என்பது அதன் பெயர். ஓர் உயிரணுவிலோ, இலையிலோ, நெல்மணியிலோ உள்ள சிறு மூலக்கூறுகளை எல்லாம் ஒருசேர அளந்து பார்க்கும் துறை அது. ஓர் ஆய்வுக்கூடத்தில் அளந்ததை உலகின் மற்றோர் ஆய்வுக்கூடம் பயன்படுத்த வேண்டுமானால், எண்ணுடன் எண்ணின் வரலாறும் சேர்ந்து வரவேண்டும். இதை உணர்ந்த அறிவியலார் 2005-ஆம் ஆண்டில் கூடி, அதற்கான விதிகளை வகுக்கத் தொடங்கினர். அவ்விதிகளின் கருத்தைப் புரிந்துகொள்ள நாம் வெகுதொலைவு போகவேண்டியதில்லை. காவிரிக் கரையிலேயே தொடங்கலாம்.

கல்லில் வெட்டிய கணக்கு

கோயிலுக்குக் கொடுத்த பொன்னைக் குறிக்கும் கல்வெட்டுகள் 'இத்தனை கழஞ்சு' என்பதோடு நிற்பதில்லை. 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுத்து இத்தனை கழஞ்சு என்று கூறுகின்றன. மணிகள் பதித்த அணிகலன்களுக்குத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் வேறொரு கல் பயன்பட்டது. நெல் அளக்க 'ஆடவல்லான்' என்னும் பெயரிலேயே ஒரு மரக்கால் இருந்தது. அந்த மரக்கால் 'இராசகேசரி' என்னும் மரக்காலுக்குச் சமமானது என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். ஓர் அளவு கருவியை மற்றொன்றோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருப்பதை எழுதிவைப்பது இன்றைய ஆய்வுக்கூடங்களிலும் முதல் வேலையாகும்.

செப்புத் திருமேனிகளைப் பற்றிய பகுதி இன்னும் சுவையானது. உயரம் கோயில் முழத்தால் அளக்கப்பட்டது என்று சொல்கிறார்கள். எங்கிருந்து எதுவரை அளந்தது என்பதையும் சொல்கிறார்கள்: பாதத்திலிருந்து தலைமுடி வரை. பீடம் இருந்தால் அதன் அளவு தனியே தரப்படுகிறது. திருமேனிக்கு எத்தனை கைகள், அது உள்ளே கனமாக வார்க்கப்பட்டதா என்பவையும் குறிக்கப்படுகின்றன. 'சிலையின் உயரம் இவ்வளவு' என்று மட்டும் எழுதியிருந்தால், பீடத்தோடா பீடமில்லாமலா என்ற ஐயம் ஆயிரம் ஆண்டுகளாகத் தொடர்ந்திருக்கும்.

அணிகலன்களுக்கு வருவோம். முத்துகள் எத்தனை, வைரங்கள் எத்தனை, மாணிக்கங்கள் எத்தனை என்று தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. மணிகளில் குறையுள்ளவை எவை என்பதும் மறைக்கப்படவில்லை. மொத்த எடையைச் சொல்லும்போது, கோத்த சரடு, சட்டம், மணியைப் பதிக்கப் பயன்பட்ட அரக்கு ஆகியவை அந்த எடையில் சேர்ந்தவையா என்பது வெளிப்படையாகக் கூறப்படுகிறது. விமானத்தின் உச்சியில் வைக்க 1010-ஆம் ஆண்டில் அரசன் அளித்த செப்புக் குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொன்னின் நிறை 2,926½ கழஞ்சு. செம்பையும் பொன்னையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவு கவனம் எதற்காக? அறிவியல் ஆர்வத்தினால் அன்று, கணக்குத் தணிக்கைக்காக. கருவூலத்தைப் பொறுப்பேற்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் வரும் ஒருவர் அதே பதக்கத்தை மீண்டும் நிறுத்தால் அதே எடை வரவேண்டும். வராவிட்டால், கல் மாறியதா, அரக்கு உதிர்ந்ததா, மணி களவு போயிற்றா என்று கண்டுபிடிக்க வழி இருக்கவேண்டும். நிறுத்த நேரத்தில் உடன் இல்லாத ஒருவருக்காக எழுதப்பட்ட கணக்கு அது. அறிவியலில் பகிர்ந்துகொள்ளப்படும் எந்த அளவும் இத்தகையதே.

இதன் பயனை நாம் இன்றும் காண்கிறோம். இக்கல்வெட்டுகளை ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஒரு கழஞ்சு இன்றைய கிராமில் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒரே கல்லால் நிறுத்தவை எவை என்று தெரிவதால், ஒரு கொடையை மற்றொரு கொடையோடு ஐயமின்றி ஒப்பிட முடிகிறது.

அரைச் சதுர மில்லிமீட்டர் நிலம்

இக்கல்வெட்டுகள் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. இராசராசன் ஆட்சியில் ஏறத்தாழ 1001-ஆம் ஆண்டில் பெரியதொரு நில அளவை நடந்தது. நிலத்தின் பரப்பை வேலியிலும் அதன் பின்னங்களிலும் எழுதினார்கள். ஒன்றில் 320-இல் ஒரு பங்கு முந்திரி. முந்திரியில் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. அதற்கும் கீழே மேலும் படிகள். இவ்வாறு பிரித்துக்கொண்டே போய், ஒரு வேலியில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டிருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இந்தப் பரப்பு எவ்வளவு? இன்றைய வழக்கில் ஒரு வேலி சுமார் 6⅔ ஏக்கர். அதாவது ஏறக்குறைய 27,000 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் விடை ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர்! ஓர் எறும்பு நிற்கக்கூட அந்த இடம் போதாது. கோலை வைத்து வயலை அளந்த எவரும் இவ்வளவு நுட்பமாக அளந்திருக்க முடியாது. பங்கு பிரிக்கும் கணக்கில் பிறந்த எண் அது; கோல் அளந்த எண் அன்று.

கணக்கு வல்லவர்களை இதற்காகக் குறைகூற வேண்டியதில்லை. வரிக் கணக்கில் மீதி இல்லாமல் கூட்டு சரியாக வரவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஆனால் அறிவியலில் அளந்த எண் எது, கணக்கிட்ட எண் எது, அளந்ததில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கது என்பதையும் எழுதவேண்டும். அளவுகோலைச் சொன்னார்கள், அளந்த எல்லையைச் சொன்னார்கள். எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது மட்டும் எழுதப்படவில்லை. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்புவோம்.

சங்கிலியும் வெயிலும்

பெரிய கோயிலின் விமானம் எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மற்றோர் அளவைக்கும் பயன்பட்டது. வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி தென்னிந்தியாவை முக்கோண முறையில் அளந்துகொண்டிருந்தார். இம்முறையில் ஒரே ஒரு கோட்டை மட்டும் தரையில் மிகத் துல்லியமாக அளந்தால் போதும். மற்றத் தூரங்களைக் கோணங்களிலிருந்து கணக்கிடலாம். ஆனால் அந்த முதற்கோட்டில் பிழை நேர்ந்தால், அது எல்லா முக்கோணங்களுக்கும் பரவிவிடும்.

லாம்டன் 1802-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சுமார் 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். சங்கிலியை நிழலில் வைக்கக் கூடாரங்கள், அதைத் தாங்க மரத்தொட்டிகள், பக்கத்தில் வெப்பமானிகள் எனப் பெரிய ஏற்பாடு நடந்தது. ஏன்? எஃகு ஒரு டிகிரி செல்சியசுக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.0000115 மீட்டர் நீள்கிறது. 12 கிலோமீட்டர் அடிக்கோட்டில் இது டிகிரிக்கு 14 சென்டிமீட்டர் ஆகும். லாம்டன் தம் நீளங்களை 62 டிகிரி பாரன்ஹீட் என்னும் நிலையான வெப்பநிலைக்கு மாற்றிக் கூறினார். அது 16.7 டிகிரி செல்சியஸ். சென்னையின் கோடையில் சங்கிலி 32 டிகிரியில் இருந்தால், திருத்தம் செய்யாத நீளத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் பிழை நேர்ந்துவிடும். எனவே வெப்பநிலையைக் குறிக்காத நீளம், எந்தக் கல் என்று சொல்லாத எடையைப் போன்றதே.

மலைகள் இல்லாத காவிரிச் சமவெளியில், தென்னந்தோப்புகளுக்கு மேலே பார்வை செல்ல வேறு வழியின்றி, லாம்டன் கோயில் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றினார். அரை டன் எடையுள்ள அவருடைய பெரிய தியோடலைட்டை 1808-ஆம் ஆண்டில் தஞ்சைக் கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. கோணங்கள் குறிக்கப்பட்ட வட்டமே வளைந்துவிட்டது. வேறு கருவி வரவழைக்க நீண்ட காலம் ஆகும். லாம்டன் கூடாரத்தினுள் ஆறு வாரம் இருந்து, அதைத் தாமே சிறிது சிறிதாகச் சீர்செய்து மீண்டும் பயன்படுத்தினார். நில அளவைத் துறையின் வரலாற்றில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. அவ்வாறு பதிவாவது மிகவும் தேவை. ஒரு கருவிக்கு என்ன நேர்ந்தது என்பது தெரிந்தால்தான், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டுச் சோதிக்க முடியும்.

ஒரு மூட்டை நெல்லின் எடை

பொன்னும் எஃகும் எளிதில் மாறாத பொருள்கள். நெல் அப்படி அன்று. அது உயிருள்ள வித்து. அதை அளப்பதில் தொல்லைகள் கூடுகின்றன. கலம், மரக்கால், படி என்று நெல்லைப் பருமனால் அளந்த காலத்தில் ஊருக்கு ஊர் அளவு வேறுபட்டது. மெட்ரிக் எடைகள் நம் நாட்டில் 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, இந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் மற்றொரு தொல்லை தீரவில்லை. கிலோகிராம் ஒன்றாகிவிட்டாலும், நெல்லில் உள்ள நீர் ஒன்றாகிவிடுவதில்லை அல்லவா?

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வயலில் எக்டேருக்கு 6,000 கிலோ நெல் விளைந்ததாகவும், மற்றொரு வயலில் 5,600 கிலோ விளைந்ததாகவும் வைத்துக்கொள்வோம். முதல் நெல் மழையில் அறுத்தது. ஈரப்பதம் 22 விழுக்காடு. இரண்டாவது நன்கு காய்ந்தது. ஈரப்பதம் 14 விழுக்காடு. முதலாவதில் உலர்பொருள் 4,680 கிலோ. அதை 14 விழுக்காட்டு ஈரத்துக்கு மாற்றினால் 4,680 ÷ 0.86 = 5,442 கிலோ. கூடுதலாக விளைந்ததாகத் தோன்றிய வயலில்தான் உண்மையில் குறைவாக விளைந்திருக்கிறது! ஈரப்பதத்தை எழுதாமல் விட்டிருந்தால் தவறான இரகத்தையே அடுத்த ஆண்டு விதைத்திருப்போம்.

டெல்டா உழவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு அன்று. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. மழை மிகுந்த சில ஆண்டுகளில் அரசு அதைத் தளர்த்தியதுண்டு. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும்போது, ஈரமானியில் தெரியும் அந்த ஓர் எண் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாயையே பாதிக்கிறது.

நெல் ஆய்வில் இந்த ஒழுங்கு மெல்ல மெல்லவே வந்தது. தஞ்சை மாவட்டத்து ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் தொடங்கப்பட்டது. 1985-இல் அது தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. அங்கு உருவான ஓர் இரகத்தைப் பிலிப்பைன்சிலோ வங்காளத்திலோ விளைந்த இரகத்தோடு ஒப்பிடவேண்டுமானால், எல்லோரும் ஒரே முறையில் குறிப்பெடுத்திருக்க வேண்டும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1975-ஆம் ஆண்டில் இதற்கெனப் பொது மதிப்பீட்டு முறை ஒன்றை வெளியிட்டது. விளைச்சலை 14 விழுக்காட்டு ஈரத்துக்கு மாற்றி எழுதுவது, குலைநோய் போன்றவற்றின் கடுமையை 0 முதல் 9 வரையுள்ள எண்களால் குறிப்பது ஆகியவை அதில் அடங்கும். 'நோய் அதிகம்', 'நோய் குறைவு' என்று அவரவர் மனத்துக்குத் தோன்றியவாறு எழுதும் வழக்கம் இதனால் குறைந்தது.

நெல்மணிக்குள்ளே

விளைச்சலையும் நோயையும் கண்ணால் காணலாம். நெல்மணியின் உள்ளே இருக்கும் சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், கொழுப்புகள், நிறமிகள், மணப்பொருள்கள் ஆகியவற்றைக் காண முடியாது. உயிரணுவில் நடக்கும் வளர்சிதை மாற்றத்தின்போது தோன்றி மறையும் இச்சிறு மூலக்கூறுகளுக்கு 'மெட்டபாலைட்டுகள்' என்று பெயர். குரோமட்டோகிராபியால் இவற்றைப் பிரித்து, நிறை நிறமாலைமானியால் மூலக்கூறுகளின் நிறையை அளக்கிறார்கள். அணுக்கருக் காந்த ஒத்திசைவு முறையும் பயன்படுகிறது. ஒரே மாதிரியிலிருந்து நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் குறிகள் கிடைக்கின்றன.

நமக்கு அறிமுகமான ஒரு பொருளைப் பார்ப்போம். சீரகச் சம்பா வேகும்போது எழும் மணம் வீட்டு வாசல்வரை வரும். நறுமண அரிசிகளில் இம்மணத்துக்கு முக்கிய காரணமான பொருள் 2-அசிட்டைல்-1-பைரோலின். பட்டரி என்பவரும் அவருடைய குழுவினரும் 1982-83-இல் இதை அரிசியில் கண்டறிந்தனர். நீரில் 1,000 கோடியில் ஒரு பங்கு இருந்தாலே நம் மூக்கு இதை உணர்ந்துவிடும். நறுமண அரிசியில்கூட இது 100 கோடியில் சில பத்துப் பங்கு அளவிலேயே உள்ளது. எளிதில் ஆவியாகும் பொருளாதலால், அரிசியைச் சேமித்துவைக்க வைக்க இதன் அளவு குறைகிறது. ஆகவே 'சீரகச் சம்பாவில் மணப்பொருள் இவ்வளவு' என்று ஒருவர் எழுதினால், நாம் உடனே கேட்கவேண்டிய கேள்விகள் பல. அறுவடையாகி எத்தனை மாதம்? எந்த வெப்பநிலையில் இருப்பு வைத்தது? தீட்டிய அரிசியா, தீட்டாததா? பச்சையாக அளந்ததா, வேகவைத்தா?

இலையை எடுத்துக்கொண்டால் மாதங்கள்கூட வேண்டாம்; மணிகளே போதும். பகலில் ஒளிச்சேர்க்கையால் சேரும் மாவுப்பொருள் இரவில் செலவாகிறது. காலை ஆறு மணிக்குப் பறித்த இலையும் மாலை ஆறு மணிக்குப் பறித்த இலையும் வேதியியல் நோக்கில் வேறு வேறு இலைகள். பறித்த பின்னும் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. எனவே இலையை உடனே திரவ நைட்ரஜனில், -196 டிகிரி செல்சியஸ் குளிரில், உறையவைப்பார்கள். இந்த விவரங்கள் இல்லாமல் வரும் எண்களைத் திருத்தவும் முடியாது. ஈரப்பதம் தெரிந்தால் எடையைத் திருத்தலாம். பறித்த நேரம் தெரியாவிட்டால் திருத்துவதற்குச் சூத்திரமே இல்லை.

2005: விதிகள் பிறந்த கதை

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துறை வேகமாக வளர்ந்தது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் கருவி, தன் முறை, தன் பெயரிடும் வழக்கம் ஆகியவற்றோடு தாள் தாளாக எண்களை வெளியிட்டது. ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துப் பார்க்க இயலவில்லை. மரபணுச் செயல்பாட்டை அளக்கும் துறையினர் 2001-லேயே தங்களுக்குரிய குறைந்த அளவு விவரப் பட்டியலை வகுத்திருந்தனர். அதை முன்மாதிரியாகக் கொண்டு தாவர ஆய்வாளர்களும் மருத்துவ ஆய்வாளர்களும் 2004-05-இல் தனித்தனி வரைவுகளை வெளியிட்டனர். மெட்டபாலோமிக்ஸ் கழகம் 2005-ஆம் ஆண்டில் இம்முயற்சிகளை ஒருங்கிணைத்தது. ஐந்து பணிக்குழுக்கள் அமைந்தன. உயிரினத்தையும் மாதிரியையும் பற்றிய விவரம், வேதிப் பகுப்பாய்வு, கணக்கீட்டு முறை, பொதுச் சொற்கள், விவரங்களைப் பரிமாறும் வடிவம் ஆகிய ஐந்தும் அவற்றின் பொறுப்புகள். குழுக்களின் பரிந்துரைகள் 2007-இல் அச்சாயின.

அவற்றின் சாரத்தை நமக்குத் தெரிந்த முறையில் இவ்வாறு கூறலாம். எந்த இரகம், எந்த மண், எந்தப் பருவம், எந்த உறுப்பு, எந்த நேரம் என்று சொல். எவ்வாறு உறையவைத்தாய், எந்தக் கரைப்பானால் பிரித்தெடுத்தாய், எந்தக் கருவியில் எந்த அமைப்பில் அளந்தாய் என்று சொல். கருவி நடுவில் தடுமாறவில்லை என்பதை எவ்வாறு சோதித்தாய் என்று சொல். இதற்காக எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிது எடுத்துக் கலந்த பொதுக் கலவை ஒன்றை இடையிடையே அளந்து பார்ப்பது இத்துறையின் வழக்கம். அடிபட்ட தியோடலைட்டைப் பற்றி நாம் கேட்ட அதே கேள்விதான் இது. இறுதியாக, கிடைத்த எண்களை எவ்வாறு கணக்கிட்டாய் என்று சொல்.

நான்கு படிகள்

கல்வெட்டுகள் விட்டுவிட்ட செய்தி ஒன்றைக் குறிப்பிட்டோம் அல்லவா? 'எவ்வளவு தூரம் நம்பலாம்' என்பது அது. 2007-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் மிகவும் பயனுள்ளது இதைப் பற்றியதே.

குளுக்கோசும் பிரக்டோசும் வேறு வேறு சர்க்கரைகள். ஆனால் இரண்டுக்கும் ஒரே மூலக்கூறு வாய்பாடுதான். மூலக்கூறு எடை 180. நிறையை மட்டும் அளக்கும் கருவி இரண்டையும் பிரித்தறிய இயலாது. எனவே கருவி ஒரு குறியைக் காட்டியதும் 'இது குளுக்கோஸ்' என்று எழுதிவிடுவது பிழை. பரிந்துரையின்படி, ஒரு பொருளை அடையாளம் கண்டதாகக் கூறும்போது அதன் உறுதியையும் நான்கு படிகளில் ஒன்றாகக் குறிக்கவேண்டும்.

முதற் படி: தூய பொருளை அதே ஆய்வுக்கூடத்தில் அதே நிலைமைகளில் அளந்து, குறைந்தது இரண்டு தனித்தனிப் பண்புகள் ஒத்துப்போவதைக் கண்டது. இரண்டாம் படி: தூய பொருள் கையில் இல்லை, ஆனால் தொகுப்புகளில் உள்ள நிறமாலையோடு ஒத்திருப்பதால் இன்னதாக இருக்கலாம் என்பது. மூன்றாம் படி: பொருள் தெரியாது, எந்த இனத்தைச் சேர்ந்தது என்று மட்டும் கூறலாம் என்பது. நான்காம் படி: ஒன்றும் தெரியாது, எனினும் குறி இருக்கிறது, அதன் அளவையும் ஒப்பிடலாம் என்பது.

நான்காம் படியை வெளிப்படையாக அறிவிப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. இன்று பெயர் தெரியாத குறிக்கு நாளை வேறொருவர் பெயர் கண்டுபிடிக்கலாம். பொய்யான பெயரைச் சூட்டிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது.

விதி இருந்தால் போதுமா?

பகிரப்படும் விவரங்களைச் சேமிக்கப் பொதுக் களஞ்சியங்களும் தோன்றின. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் 2012-இல் 'மெட்டபோலைட்ஸ்' என்னும் களஞ்சியத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் பரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் உயிரியல் ஆய்வுகளின் விவரங்கள் பொதுவில் சேரவேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஆயினும், இத்தகைய களஞ்சியங்களில் இருந்த விவரத் தொகுதிகளை 2017-இல் ஆராய்ந்த ஒரு குழு, விதிகள் வெளியாகிப் பத்து ஆண்டுகள் கழிந்தும் அவை முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்று கண்டது. காரணங்கள் புரியாதவை அல்ல. ஓர் ஆய்வை முடித்துக் கட்டுரை எழுதியவருக்கு, பறித்த நேரத்தையும் கரைப்பானின் அளவையும் கட்டம் கட்டமாக நிரப்பப் பொறுமை இருப்பதில்லை. அந்த உழைப்பினால் பயன்பெறுபவர் முகம் தெரியாத வேறொருவர். தஞ்சைக் கல்வெட்டுக்குப் பின்னால் ஓர் அரசனின் ஆணை இருந்தது. இன்று அந்த இடத்தில் ஆய்விதழ்களும் நிதி வழங்கும் நிறுவனங்களும் இருக்கவேண்டும். விவரம் முழுமையாக இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பும் துணிவு அவற்றுக்கு வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

காவிரிப் படுகையில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் முதலிய பழைய நெல் இரகங்களுக்கு மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட இரகங்களைத் திரட்டி உழவர்களிடையே பரப்பினார். இவ்வரிசிகளின் நன்மைகளைப் பற்றிப் பல செய்திகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் எது உண்மை, எது மிகை என்று பிரித்தறியும் வழி, முறையாக எழுதப்பட்ட வேதிப் பகுப்பாய்வே. கருப்புக் கவுனியின் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின்கள் அதன் மேல்தவிட்டில் இருக்கின்றன. எவ்வளவு தீட்டிய அரிசி என்று குறிக்காமல் தரப்படும் ஆந்தோசயனின் அளவு, அரக்கைச் சேர்த்ததா என்று சொல்லாத பதக்கத்தின் எடையைப் போன்றது. அத்தகைய பத்து எண்கள் இருந்தாலும் அவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வர இயலாது. நல்ல இரகம் ஒன்று பாராட்டப்படாமல் போகவும், சாதாரண இரகம் ஒன்று அதிக விலைக்கு விற்கவும் அது இடமளிக்கும். இழப்பு உழவருக்கும் உண்பவருக்கும்.

இதற்கான பயிற்சியைப் பெரிய ஆய்வுக்கூடத்தில்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் செய்முறைக் குறிப்பேடு எழுதும்போதே தொடங்கலாம். திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளந்தால், கருவியின் மீச்சிற்றளவையும் சுழிப்பிழையையும் எழுதுங்கள். தனி ஊசலின் நீளத்தை எழுதும்போது எங்கிருந்து எதுவரை அளந்தது என்று குறியுங்கள். திரவத்தின் அடர்த்தியோடு அன்றைய வெப்பநிலையையும் சேருங்கள். கணிப்பான் காட்டும் எட்டு இலக்கங்களையும் அப்படியே எடுத்தெழுதாமல், அளவு தாங்கும் இலக்கங்களோடு நிறுத்துங்கள். எழுதிய பிறகு, செய்முறையின்போது உடன் இல்லாத ஒரு நண்பரிடம் ஏட்டைக் கொடுத்து, அதைக்கொண்டு மட்டும் அதே விடையைப் பெறச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் வந்து எத்தனை கேள்வி கேட்கிறாரோ, அத்தனை விவரங்களை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.